துப்பாக்கியில் ஒரு திருகு

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019 ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். இறுதிச் சுற்றில் 0.1 புள்ளி பதக்கத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

இப்பிரிவில் தொலைநோக்கி பொருத்த அனுமதி இல்லை. குழலின் நுனியில் ஒரு வளையம், கண்ணருகே சிறு துளையுள்ள பீப் சைட். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் குறி பார்க்க வேண்டும். பீப் சைட்டைத் துப்பாக்கியின் மேலுள்ள தண்டவாளத்தில் பிடித்து வைப்பவை சின்னத் திருகுகள். இரு சைட்டுகளுக்கும் இடையே 75 செ.மீ. என்று கொள்வோம். பின் சைட் 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், குறி ஏறக்குறைய 1.3 மி.மீ. விலகும், அரைப் புள்ளி போய்விடும். நிலையான விலகலை சைட்டின் குமிழைத் திருப்பிச் சரிசெய்யலாம். திருகு தளர்ந்து சைட் ஆடிக்கொண்டே இருந்தால் என்ன செய்ய முடியும்?

அதற்காக முழு பலத்தையும் போட்டு முறுக்குவது இன்னும் மோசம். இறுக்கும்போது திருகு நூலிழை அளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் பிடிமானம். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுவையாகிறது. மீதியை உராய்வு தின்றுவிடும். மறையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே விசையில் திருகு கூடுதலாக நீண்டு, மறை தேயலாம், தலை முறியலாம். கை உணர்வை மட்டும் நம்பக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தொலைநோக்கி பொருத்தும் ரைபிள்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே பின்னுதைப்பு பலமானது; தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் வளையத்தை மிகையாக இறுக்கினால் அதன் குழாயே நசுங்கும். எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, வளையத்தின் இருபுற இடைவெளியும் சமமாக இருக்கும்படி, எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக இறுக்க வேண்டும். சிதம்பரம் பேருந்தின் சக்கர நட்டுகளை மெக்கானிக் இறுக்குவதும் இப்படித்தான். வளையத் திருகுகளுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் அளவே போதும். சரியான எண் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அந்த அளவில் நிற்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்குவது வீண் செலவல்ல.

இறுக்கியபின் திருகின் தலையிலிருந்து வளையம்வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. போட்டிக்கு முன் பழகிச் சுட 15 நிமிடம் தருவார்கள். திருகைப் பார்ப்பதை அதற்கும் முன்பே முடித்துவிடுங்கள்.