இறால் ஓடும் கடைசிச் சொட்டுத் தண்ணீரும்



போன எபிசோடில் ஒரு தப்பு பண்ணிட்டேன். "எத்தனாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிச்சா தண்ணி மொத்தமும் போயிடும்" என்று அடிச்சுச் சொன்னேன். போகாது. கேட்டவர்களில் ஒருவர் எழுதித் திருத்தினார். அவருக்கு நன்றி.

சாதாரணக் காற்றழுத்தத்தில், எடைக் கணக்கில் சுமார் 95.6 சதவீதம் வரை எத்தனால் ஏறும். அதோடு சரி. அந்தப் புள்ளியில் கொதிக்கும் திரவத்திலும் மேலே எழும் ஆவியிலும் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். இதுதான் அசியோட்ரோப். அப்புறம் எத்தனை தடவை வடிச்சாலும் அதே கதைதான்.

மிச்சம் 4.4 சதவீதம்தானே, இருந்துட்டுப் போகட்டுமே? பெட்ரோலில் கலக்கணும்னா அது ஆகாது. இங்கே இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் பங்கில் கிடைப்பது இ10; 10 சதவீதம் வரை எத்தனால். தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டாங்கின் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். இன்ஜினுக்கு அது எமன்.

இங்கேதான் சவ்வு வருது. இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டினைக் காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். அதை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, மெல்லிசா ஊற்றிக் காயவைத்தால் சவ்வு. ஒரு பக்கம் சூடான எத்தனால் கலவை, மறுபக்கம் வெற்றிடம். தண்ணீர் மூலக்கூறு சவ்வுக்குள் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் ஆவியாகக் கிளம்பிடும். எத்தனால் பெரும்பாலும் இந்தப் பக்கமே நிக்கும். இது சல்லடை இல்லீங்க. சவ்வுக்கு யாரோட ஒட்டுதல் அதிகம், யார் சீக்கிரம் நுழைந்து போறாங்க என்பதுதான் கணக்கு. அதனால் அசியோட்ரோப் இங்கே தடையில்லை. கொஞ்சத் தண்ணீரை மட்டும் ஆவியாக்குவதால் வெப்பச் செலவும் மிச்சம். இந்த முறைக்குப் பெர்வேபரேஷன் என்று 1917-இல் பெயர் வைத்தவர் கோபர். இறுக்கிக் கட்டிய கொலோடியன் பைக்குள் இருந்த திரவம் தானா குறைந்ததிலிருந்து தொடங்கிய கதை அது.

சிக்கல் இல்லாமலா? தண்ணீர் மேல் அத்தனை பிரியம் இருப்பதாலேயே சவ்வு ஊறி உப்பிடும். இடைவெளி பெருகி எத்தனாலும் நுழையும். குளூட்டரால்டிஹைடு சேர்த்துச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தால் உப்பல் குறையும். கூடவே தண்ணீர் போகும் வேகமும் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கணும். 1980-களில் ஆலைக்குள் நுழைந்தது பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பாலிமர் சவ்வுதான். கைட்டோசான் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான்.

அடுத்த தடவை நான் உளறினாலும் இப்படியே எழுதுங்க. சந்திப்போம்.