உஷார்! போலீஸ் அடிக்குச் சாதிக் கணக்கு காட்டுகிறார்கள்

பொன்முடித் தோட்ட லயங்களில் இருப்பவர்களும், விதுரா, பெரிங்கம்மலா பக்கத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில் இருப்பவர்களும், அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் இதை உடனே படிக்க வேண்டும். "கேரளத்தில் போலீஸ் சாதி பார்த்துக் கை வைப்பதில்லை, இதோ புள்ளிவிவரம்" என்று ஒரு கணக்கு உங்கள் கைபேசிக்கு வரும். "தலித்தும் ஆதிவாசியும் இத்தனை மடங்கு அடிவாங்குகிறார்கள்" என்று எதிர்க்கணக்கும் வரும். எதையும் அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் நில்லுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் காவல் மரணங்களை மாநிலவாரியாக, காரணவாரியாக வெளியிடுகிறது. சாதிவாரியாக அல்ல. அடிபட்டு உயிரோடு வீடு திரும்பியவர் அந்த அட்டவணைக்குள் வரவே மாட்டார். பிறகு அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது?

2025 ஏப்ரலில் திருவனந்தபுரம் பேரூர்க்கடை ஸ்டேஷனில் நடந்ததைப் பாருங்கள். பொன்முடிக்கு ஏறும் வழியில் இருக்கும் நெடுமங்காடு வட்டாரத்துப் பெண், தலித், வீட்டுவேலை செய்து பிழைப்பவர். வேலை பார்த்த வீட்டில் தங்கச் சங்கிலியைக் காணோம் என்று புகார். ஸ்டேஷனுக்கு அழைத்து ஏறக்குறைய 20 மணி நேரம் வைத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குக் கழிவறையில் போய்க் குடிக்கச் சொன்னார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். சங்கிலி அந்த வீட்டிலேயே கிடைத்தது. மே மாதம் எஸ்.ஐ. சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

இந்தப் பெண் எந்தக் கணக்கில் வருவார்? காவல் மரணத்தில் இல்லை. ஆனால் அவர்மேல் போட்ட திருட்டு எஃப்.ஐ.ஆர். ஏட்டில் ஏறியிருந்தது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அன்று நடந்ததற்கு அரசிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி அந்தத் திருட்டு வழக்கு ஒன்றுதான். அநியாயம் பட்டவரே குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுப் போயிருப்பார். நாளைக்கு ஒருவர் அதே ஏட்டைத் திறந்து, "குற்ற வழக்குகளில் இவர்கள் அதிகம், அதனால் அடிபடுவதும் அதிகம்" என்று வாதாடுவார். எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். அடியை மறைக்கும் ஏடே அடியை நியாயப்படுத்தும் கணக்குக்கும் அடிப்படையாகிவிடுகிறது.

அமெரிக்காவில் இதே விவாதம் பெரிதாக நடந்திருக்கிறது. ஹார்வர்டு பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஹூஸ்டன் நகர ஆவணங்களை வைத்து, துப்பாக்கிச் சூட்டில் இனப் பாகுபாடு தெரியவில்லை என்றது. தள்ளுவது, கைவிலங்கு மாட்டுவது போன்றவற்றில் கறுப்பர்களுக்கே அதிகம் நடக்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் ஓடினார்கள். 2020இல் டீன் நாக்ஸ், வில் லோ, ஜோனதன் மமோலோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஓட்டை எங்கே என்று காட்டினார்கள். போலீஸ் நிறுத்தியவர்களுக்குள் மட்டும் ஒப்பிட்டால், யாரை நிறுத்துவது என்பதிலேயே இருக்கும் பாகுபாடு கண்ணில் படாது.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு சாதியில் தக்க சந்தேகத்தின் பேரில் 10 பேரைப் பிடித்து 2 பேரை அடித்தார்கள். 20 சதவீதம். அதே அளவு மக்கள்தொகை உள்ள இன்னொரு சாதியில் காரணமே இல்லாதவர்களையும் சேர்த்து 40 பேரைப் பிடித்து 4 பேரை அடித்தார்கள். 10 சதவீதம். இரண்டு மடங்கு பேர் அடிவாங்கிய சாதி, காகிதத்தில் பாதி அடி வாங்கியதாகத் தெரிகிறது! "பிடிபட்டவர்களில் இத்தனை சதவீதம்" என்று யார் ஆரம்பித்தாலும், பிடித்தது சரியா என்று முதலில் கேளுங்கள்.

சாவுக் கணக்கே நம்மிடம் ஒத்துப்போகவில்லை. காவலில் இறந்தவர்கள் 2021இல் 88 பேர் என்றது குற்ற ஆவணக் காப்பகம். 2021-22க்குத் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு வந்த கணக்கு 175. ஒன்று காலண்டர் ஆண்டு, மற்றது நிதியாண்டு. அது மட்டுமே இந்த இடைவெளிக்குக் காரணமாக முடியாது. 2017 ஜூலையில் திருச்சூர் மாவட்டம் பாவறட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவிக்கப்பட்ட 19 வயது தலித் இளைஞர், மறுநாள் வீட்டில் தூக்கில் தொங்கினார். உடலில் அடித்த காயங்கள் இருந்தன. வீட்டில் இறந்தவரைக் காவல் மரணம் என்று யார் எழுதுவார்கள்?

சித்திரவதைக்கு எதிரான தேசியப் பிரச்சார அமைப்பு 2019க்குத் தொகுத்த 125 போலீஸ் காவல் மரணங்களில் தலித், ஆதிவாசி என்று குறிக்கப்பட்டவர்கள் 13 பேர். நாட்டு மக்கள்தொகையில் இவ்விரு பிரிவினரும் கால்வாசி. "பார்த்தீர்களா, பத்து சதவீதம்தான்!" என்று யாரும் முடித்துவிடக் கூடாது. சாதி தெரியவந்தவர்கள்தான் அந்த 13.

நம் தோட்டத் தமிழருக்கு இது இன்னும் மோசம். 1950க்குப் பிறகு கேரளத்துக்கு வந்த குடும்பங்களுக்கு இங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. தமிழ்நாட்டில் தாத்தா பட்டியல் சாதி, கேரளத்தில் பேரன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கிறிஸ்தவராக மாறிய தலித்தும் சட்டப்படி இல்லை. லயத்துப் பையன் ஒருவன் நாளை அடிபட்டால், எந்த அட்டவணையிலும் அவன் தலித் ஆக மாட்டான். ஆதிவாசிகள் 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் 1.45 சதவீதம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஓராண்டில் ஒருவர் இறந்தால் விகிதம் எகிறும், யாரும் இறக்காவிட்டால் பூஜ்யம். இரண்டும் எதையும் நிரூபிக்காது.

ஆகவே பதிவை உண்டாக்குங்கள். கைது என்றால் கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "சும்மா விசாரிக்கத்தான்" என்று கூட்டிப்போனால் அந்தக் காகிதம் இருக்காது. அப்போது நேரத்தையும் ஸ்டேஷன் பெயரையும் அன்றே எழுதி வையுங்கள். அடிபட்டிருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள், அடித்தது போலீஸ் என்று டாக்டரை எழுத வையுங்கள். புகாரில் சாதியைக் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

சிசிடிவியை மறக்கவே கூடாது. குன்னங்குளம் ஸ்டேஷனில் 2023 ஏப்ரலில் இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி ஒருவர் அடிக்கப்பட்ட காட்சி 2025 செப்டம்பரில்தான் வெளியே வந்தது, அதுவும் தகவல் உரிமைச் சட்டத்தில் விடாமல் போராடியதால். ஸ்டேஷன் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த வாரமே எழுத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.