தொக்கு நிற்கும் உம்மை

'தாய்தந்தை' உம்மைத்தொகை என்பதை மாணவர் அறிவர். தாயும் தந்தையும் என அது விரியும். உம்மை மறைந்து நிற்பினும் பொருளில் நின்று இருவரையும் பிணைக்கும். 'கணவன்மனைவி' என்பதும் அத்தகையதே. இதனை நீதிமன்றம் பிரித்தல் கூடும். தாய்தந்தையிலுள்ள உம்மையோ பிள்ளை உள்ளளவும் நிற்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே, மணம் முறிந்த பின்னும் பிள்ளைகள் அல்லற்படுகின்றனர்.

நம் யாழ்ப்பாணத்தில் மணமுறிவு உரத்துப் பேசப்படாத பொருள். பெரியவர் பேசாவிடினும் அது வகுப்பறைக்கு வந்துவிடுகின்றது. 'கணக்குக் கொப்பி அங்கே கிடக்கிறது, ஐயா' என்பான் மாணவன். 'அங்கே' என்ற சுட்டு ஒரு கிழமை தாய் வீட்டைக் குறிக்கும். மறு கிழமை தந்தை வீட்டைக் குறிக்கும். தேர்ச்சி அறிக்கையில் எவர் கையொப்பமிடுவது, காய்ச்சலென்றால் எவருக்கு அறிவிப்பது என்பன ஆசிரியருக்கும் தெரிவதில்லை.

வீடு மாறும் பிள்ளையை நம் முன்னோர் மறந்தாரல்லர். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்பிய தேசவழமையை நோக்குக. அது கூறுவது மணமுறிவையன்று, மரணத்தை. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விழைந்தால், இளம் பிள்ளைகளை அவர்தம் அம்மம்மாவோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பர். அப்போது இறந்தவளின் சீதனம் முழுவதையும், தேடியதேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளோடு ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளை வெறுங்கையோடு வீடு மாறலாகாது என்பதே அதன் கருத்து.

இன்று பிள்ளையோடு செல்லவேண்டியது பொருள் மட்டுமன்று, செய்தியுமாம். 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், ஒருவர் குற்றத்தை மற்றவர் நிறுவும் வழியிலே மணமுறிவை வைத்தது. அவ்வழி வந்தவர் பகைவராகவே வெளியேறுவர். பிள்ளை எவரிடம் இருப்பது, மற்றவர் எந்நாளிற் காண்பது என நீதிமன்றம் கட்டளையிடும். மருந்து எத்தனை வேளை கொடுத்தாயிற்று என்பதை அது எழுதாது.

அதனைப் பெற்றோர் எழுதலாம். பிள்ளையின் பையில் ஒரு கொப்பி போதும். மருந்து, வீட்டுப் பாடம், பரீட்சை நாள், வாங்கிய சப்பாத்து ஆகியவற்றை மட்டும் குறிக்க. பழைய கணக்கை அதில் எழுதற்க. பொங்கலும் நல்லூர்த் தேரும் எவருடன் என்பதை முன்னரே தீர்மானிக்க. பிள்ளையைத் தூது விடற்க.

சொல்வது எளிது, செய்வது அரிது. ஆதலின் அவ்வழி நடந்தவரே புதிதாய் வருவோர்க்குத் துணையாதல் வேண்டும். ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு மாலை அத்தகையோர் கூடியிருந்து பேசினால் என்ன? உறவினர் பக்கம் சேர்ந்து பேசுவர். பட்டறிந்தவரோ பிள்ளையின் பக்கம் நின்று பேசுவர்.

அடியும் அச்சமும் உள்ள இல்லத்துக்கு இவ்வறிவுரை பொருந்தாது. அங்கே காப்பே முதலாவது. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கென வந்தது.

இலங்கை 1991 இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயம், தன் நலனுக்கு மாறாகாதவிடத்துப் பெற்றோர் இருவரோடும் உறவாடும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கின்றது. அவ்வுரிமை பெற்றோருடையதன்று, பிள்ளையுடையது. ஆசிரியர்காள், காவற் கட்டளை தடுக்காதவிடத்துத் தேர்ச்சி அறிக்கையை இரு படியாக எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு இருவரையும் அழையுங்கள். இருவருக்கும் இருக்கை இடுங்கள்.