செங்டு நகரத்துச் சிறு சாப்பாட்டுக்கடை

உறைப்பு என்பது நமக்கே உரிய சொத்து என்று எண்ணும் வழக்கம் யாழ்ப்பாணத்தார் பலரிடம் உண்டு. செத்தல் மிளகாயை வறுத்திடித்த தூள் போடாத கறியைப் 'பத்தியக் கறி' என்று கேலி செய்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. தென்மேற்குச் சீனத்திலே, செச்சுவான் மாகாணத்தின் தலைநகராகிய செங்டுவில், ஒரு சிறிய சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்த அன்றுதான் அது என்னை விட்டு நீங்கிற்று.

அந்நகரில் மருத்துவம் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன், விடுமுறைக்குச் சென்ற என்னையும் மனைவியையும் அங்கே அழைத்துச் சென்றான். பெருந்தெருவை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்தோம். ஏழெட்டு மேசைகள், முதுகில்லாத சிறு இருக்கைகள், சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல், வாசலிலே இடத்துக்காகக் காத்து நிற்கும் கூட்டம், இவ்வளவே அக்கடை. இத்தகைய கடைகளை அந்நகரத்தார் 'ஈக்கடை' என்று அழைக்கின்றனர். இகழ்ச்சியாக அல்ல, நாம் பிள்ளைகளைக் 'கள்ளன்' என்று கொஞ்சுவது போன்ற செல்லப்பெயர் அது. 2010ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் செங்டுவை உணவுக்கலை நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அந்நகரின் நாவை அறிய விரும்புவோர் மாளிகை போன்ற விடுதிகளைத் தேடவேண்டியதில்லை. இந்த ஒழுங்கைகளே போதும்.

"சேர், இங்கே பெயரைப் பார்த்து ஒன்றையும் நம்பக்கூடாது," என்று மாணவன் எச்சரித்தான். பட்டியலில் 'மீன்மணக் கத்தரிக்காய்' என்று ஒரு கறி இருந்தது. சைவ உணவினராகிய நாங்கள் அதை ஒதுக்கப் பார்த்தோம். அதிலே மீனே கிடையாது என்றான் அவன். மீன் சமைக்கும்போது சேர்க்கும் ஊறிய மிளகாய், இஞ்சி, உள்ளி, வெங்காயத்தாள், சீனி, வினாகிரி ஆகியவற்றைக் கத்தரிக்காய்க்கும் சேர்ப்பதால் வந்த பெயராம். ஆனால் அரைத்த பன்றியிறைச்சியைச் சிலர் அதிலே கலப்பதுண்டு. அதைக் கேட்டுத் தவிர்க்கவேண்டும். மறுபுறம், 'மாப்போ தோஃபு' என்பது சோயாப் பாலைத் திரைத்துக் கட்டியாக்கிய பண்டத்தாலான கறி. 1862ஆம் ஆண்டளவிலே செங்டுவின் ஒரு பாலத்தருகே கடை வைத்திருந்த, அம்மைத்தழும்பு முகத்தினளாகிய 'சென்' என்னும் குடும்பப்பெயருடைய பெண்மணி ஆக்கியதென்று அதன் வரலாறு கூறுவர். அக்கறியின் மேலே மாட்டிறைச்சித் தூவல் இடுவதே வழக்கம். பெயரில் மீன் இருக்கிறது, கோப்பையில் இல்லை. பெயரில் மாடு இல்லை, கோப்பையில் இருக்கிறது!

இரண்டையும் இறைச்சியின்றி ஆக்கித் தருமாறு மாணவன் சொல்லிவைத்தான். முதலில் வந்த கத்தரிக்காய் புளிப்பும் இனிப்பும் உறைப்பும் ஒன்றையொன்று விடாமற் பற்றி நிற்க, நாவில் வைத்தவுடன் கரைந்தது. பின்பு ஓர் அதிசயம் நிகழ்ந்தது. உதடு துடித்தது, நாக்கு விறைத்தது. "பல் வைத்தியர் ஊசி போட்டது போலிருக்கிறதே!" என்று மனைவி திகைத்தாள். கத்தரிக்காயைக் கடைக்காரர் தம் கைப்பக்குவத்தில் 'ஹுவாஜியாவ்' தூவி ஆக்கியிருந்தனர். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுமரத்தின் உலர்ந்த காய்த்தோல் அது. அதிலுள்ள 'சான்ஷூல்' என்னும் பொருள் தொடு உணர்ச்சிக்குரிய நரம்புகளைக் கிளர்ச்சிசெய்கிறது. 2013ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர், உதட்டிலெழும் அத்துடிப்பு செக்கனுக்கு ஏறக்குறைய ஐம்பது அதிர்வு கொண்டதெனக் கணித்தனர். எரிவு வேறு, விறைப்பு வேறு; இரண்டையும் இணைப்பதே செச்சுவான் சமையலின் தனிச்சிறப்பு.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். விறைப்புத் தரும் அந்தக் காயே செச்சுவானின் பழைய சொத்து. மிளகாய் பின்பு வந்த விருந்தாளி. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் சீன நூல்களில் இடம்பெறுகிறது. சீனர் தம் பழங்காயின் பெயராகிய 'ஜியாவ்' என்பதை எடுத்து, மிளகாய்க்கு 'லாஜியாவ்', அதாவது காரமான ஜியாவ், என்று பெயரிட்டனர். நாமும் மிளகு என்னும் பழஞ்சொல்லோடு காயைக் கூட்டி மிளகாய் என்றோம். ஒன்றையொன்று அறியாத இரு மக்களும் புதியவரை வீட்டுப் பெயரிட்டே உள்ளே அழைத்திருக்கின்றனர். நமக்கே உரியதென்று நான் பெருமைப்பட்ட உறைப்பு நமக்கும் இரவற்பொருளே!

இந்த எண்ணத்தில் மூழ்கியிருந்தபோது மாப்போ தோஃபு வந்தது. செந்நிற எண்ணெயில் வெண்கட்டிகள் மிதந்தன. கரண்டியை எடுத்துவிட்டேன். மாணவன் சட்டென என் கையைப் பிடித்தான். கூட்ட நெருக்கடியில் வழக்கம்போலவே இறைச்சி தூவிக் கொண்டுவந்துவிட்டனர்.

எழுந்து போவதா? வாசலிற் பசியோடு நிற்பவர்கள் பார்க்கிறார்கள். பேசாமல் ஒதுக்கி வைப்பதா? அழைத்து வந்த பிள்ளையின் முகம் வாடிவிட்டது. தலைமுறைகளாகக் காத்த நியமத்தை நாகரிகத்துக்காக விடவும் மனமில்லை. கடைக்கார அம்மையார் அருகில் வந்தார். மாணவன் 'சூ' என்னும் ஒரு சொல்லைச் சொன்னான். ஊனற்ற உணவைக் குறிக்கும் சொல் அது. பௌத்தத் துறவியரால் அங்கே எல்லாருக்கும் பழகியது. அம்மையார் விவாதிக்கவில்லை, முகஞ்சுளிக்கவுமில்லை. கோப்பையை எடுத்துச் சென்றார். திறந்த குசினியில், நாங்கள் பார்த்திருக்கவே, தாச்சியைச் சுடுநீரால் இருமுறை கழுவினார். தாவர எண்ணெயைப் புதிதாக ஊற்றினார். அவரையினப் பருப்பையும் மிளகாயையும் உப்பிட்டுச் சாடியில் நெடுங்காலம் புளிக்கவைத்த கூட்டை அதிலே வதக்கினார். இறைச்சிக்குப் பதிலாகக் காளானை நறுக்கிச் சேர்த்து, கடைசியில் ஹுவாஜியாவ் தூவினார். கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஒரு கவளம் உண்ணும்வரை நின்று பார்த்தார். பிறகே மற்ற மேசைகளுக்குப் போனார். முதற்கோப்பைக்குப் பணம் வாங்கவும் மறுத்துவிட்டார்.

அந்தக் கறியின் சுவை இன்னும் நாவில் இருக்கிறது. ஆயினும் மனத்தில் நிற்பது வேறு. பல ஆண்டுகளுக்கு முன், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தேன். எங்கள் கறியின் உறைப்பைத் தாங்காமல் அவர் கண்ணீர் விட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினோம். அவருக்கென்று ஒரு பாற்கறி வைக்க அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது எங்கள் வீட்டிற்கு யார் சாப்பிட வந்தாலும், அடுப்பு மூட்டுமுன் மனைவி கேட்கும் முதற்கேள்வி, "உறைப்புச் சாப்பிடுவீர்களா?" என்பதே.