தலைநகருக்குச் செல்வோர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை

பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹாலிஎல, பசறை, பதுளை ஆகிய பகுதிகளிலிருந்து கொழும்புக்குச் செல்வோரில் உல்லாசமாக ஊர் பார்க்கப் போவோர் மிகச் சிலரே. தேசிய வைத்தியசாலை, மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை, பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையங்கள் என ஏதேனும் ஒரு தேவையின் பொருட்டே எமது மக்கள் தலைநகருக்குப் பயணமாகின்றனர்.

பஸ் கட்டணம், தங்குமிடம், மருந்துச் செலவு ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிடும் இவர்கள், உணவை மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகின்றனர். அதன் விளைவு இரண்டில் ஒன்றாக அமைகின்றது. கையிலுள்ள பணம் முதல் நாளிலேயே கரைந்துவிடும். அல்லது வெறும் தேநீருடனும் ஒரு பணிசுடனும் நாள் முழுவதும் கழியும். நோயாளியும் அவருடன் துணைக்குச் செல்பவரும் இவ்வாறு பசியோடிருப்பது சிக்கனமாகாது. அது இன்னொரு நோய்க்கு வழிவகுப்பதாகும்.

செலவின் பாரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அதன் பின்னர் விலை உயரும் வேகம் தணிந்ததே தவிர, விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அரசாங்கம் வழங்கும் 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகையுடன் 1,750 ரூபா முன்மொழியப்பட்டது.

இனி ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். இருவர் இரண்டு நாட்கள் கொழும்பில் தங்கினால் மொத்தம் 12 வேளை உணவு தேவை. வேளைக்கு 400 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் 4,800 ரூபா செலவாகும். 1,750 ரூபா கைக்குக் கிடைக்கின்ற ஒருவருக்கும் இது ஏறத்தாழ மூன்று நாள் உழைப்பாகும். வேலைக்குப் போகாத நாட்களின் இழப்பு இதில் சேரவில்லை.

ஆகவே முதலாவது வழி, வீட்டிலிருந்து எடுத்துச் செல்வதாகும். 12 வேளைகளில் நான்கை வீட்டு உணவால் ஈடுசெய்தால், மேற்படி கணக்கில் 1,600 ரூபா மிஞ்சும். அத்தொகை எஞ்சிய வேளைகளில் முட்டையோ மீனோ சேர்த்து உண்ணப் போதுமானது. ஆனால் இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. இங்குள்ள குளிரில் மாலை வரை கெடாதிருக்கும் தேங்காய்ச் சம்பலும் தேங்காய்ப்பால் கறியும், இரத்தினபுரியைக் கடக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். சமைத்த உணவை இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் அறை வெப்பநிலையில் வைத்திருக்கலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையாகும். எனவே சோற்றுப் பொதியைவிட, தேங்காய் சேர்க்காது நன்கு சுட்ட ரொட்டி, வறுத்த கடலை, நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எமது பிரதேசத்துப் பேரிக்காய் ஆகியவையே பயணத்திற்கு ஏற்றவை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகத்தின் புகையிரதப் பாதையையும் வீதிகளையும் கடுமையாகச் சேதப்படுத்தியதை நாம் அறிவோம். மண்சரிவோ தாமதமோ ஏற்படும்போது, பையிலிருக்கும் உலர் உணவு பணத்தை மட்டுமன்றி உடல்நலத்தையும் காக்கும்.

இரண்டாவது வழி, எங்கே எதை உண்பது என்பதைத் தெரிந்துகொள்வதாகும். குளிரூட்டப்பட்ட பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலில் காணும் தொகை இறுதித் தொகையன்று. 10 சதவீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் அதன்மேல் சேருமானால், 500 ரூபா உணவு ஏறத்தாழ 650 ரூபாவாகிவிடும். புறக்கோட்டை, செட்டியார் தெரு, வெள்ளவத்தை ஆகிய இடங்களிலுள்ள சாதாரண சைவ உணவகங்களிலும், மருதானை, கொம்பனித்தெரு, மாளிகாவத்தைப் பகுதிகளிலுள்ள முஸ்லிம் உணவகங்களிலும் வயிறு நிறைய உண்பது இதனிலும் மலிவாகும். பத்தரமுல்லைக்குச் செல்வோர், விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் 'ஹெல போஜுன்' நிலையத்தில் உள்ளூர்த் தானியங்களிலும் கீரைகளிலும் தயாரித்த உணவைப் பெறலாம்.

மேசையில் கேட்காமலேயே கொண்டுவந்து வைக்கப்படும் சிற்றுண்டித் தட்டிலும் கவனம் தேவை. ரோல்ஸ், பற்றிஸ் போன்றவை மாவும் எண்ணெயுமாக இருப்பதால் பசி விரைவில் மீண்டும் எழும். அதே பணத்திற்கு அவித்த கடலையோ பயறோ, சோறும் பருப்பும் கீரையுமோ கிடைக்குமாயின் அதுவே உடலுக்கு வலுவூட்டும். உணவுடன் சேர்த்துத் தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், இரத்தச்சோகையுள்ள பெண்கள் சற்று நேரம் கழித்து அருந்துவது நலம்.

சமய ஒழுக்கத்தைப் பேணுவோருக்கும் இதில் சிரமமில்லை. கேட்டறிவதற்குக் கூச்சப்படாதிருந்தால் போதும். பராட்டாவுக்கு இலவசமாக ஊற்றப்படும் குழம்பு மாட்டிறைச்சிக் குழம்பாகவும் இருக்கக்கூடும். அதனைத் தவிர்க்கும் இந்துக்கள் முன்னதாகவே வினவ வேண்டும். அவ்வாறே, இறைச்சி ஹலாலானதா என்ற ஐயம் முஸ்லிம்களுக்கு எழுமிடத்து, சைவ உணவகத்தின் சோறும் பருப்பும் மரக்கறியும் அந்த ஐயத்தை நீக்கிவிடும். ஒரே மேசையில் இரு சமூகத்தவரும் அமர்ந்து உண்ணக்கூடிய உணவு பெரும்பாலும் மலிவான உணவாகவும் இருப்பது நல்லதொரு பொருத்தமே.

மூன்றாவது வழி, உரிமையை அறிந்திருப்பதாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வர்த்தகர்கள் பொருட்களின் விலைகளைப் பார்வையில் படும்படி காட்சிப்படுத்த வேண்டும் என்று விதிக்கின்றது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வர்த்தமானி அறிவித்தல், 500 மில்லிலீற்றர் குடிநீர்ப் போத்தலுக்கு 70 ரூபாவையும் ஒரு லீற்றருக்கு 100 ரூபாவையும் உச்ச சில்லறை விலையாக நிர்ணயித்தது. முறைப்பாடுகளை 1977 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஒரு கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபா கேட்டு மிரட்டியவர், அக்காட்சி இணையத்தில் பரவியதையடுத்துக் கைது செய்யப்பட்டார். அந்நடவடிக்கை வரவேற்கத்தக்கது. எனினும், விலை தெரியாது தலைநகரில் திகைத்து நிற்கும் மலையகத்தவரும் அவ்வூருக்கு அந்நியரே. அவர்களது முறைப்பாட்டிற்கும் அதே வேகம் கிடைக்க வேண்டும்.

நோயாளர்கள் தொடர்பில் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று வைத்தியர் கூறியிருந்தால் மட்டுமே உணவைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் கொடுத்தவுடன் உண்பதற்குக் கையில் ஏதேனும் இருப்பது அவசியம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளை தவறினால் இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தான மட்டத்திற்குக் குறையலாம்.

அரச வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு இலவச உணவு உண்டு. துணைக்கு நிற்பவருக்கு அது இல்லை. தமிழகத்தில் 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாவுக்கும் சாம்பார் சோறு ஐந்து ரூபாவுக்கும் விற்கப்பட்டன. அரச மருத்துவமனை வளாகங்களிலும் அவை திறக்கப்பட்டன. சிங்கப்பூரில் அரசே கட்டிக்கொடுத்த அங்காடி உணவு நிலையங்கள் சாதாரண மக்களின் உணவுச் செலவைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. தேசிய வைத்தியசாலை, மஹரகம வைத்தியசாலை ஆகியவற்றின் அருகே துணைக்கு நிற்போருக்காக நியாய விலை உணவகம் ஒன்றை அமைப்பது, மனமிருந்தால் இயலாத காரியமன்று. மலையகப் பிரதிநிதிகளும் சமூக அமைப்புகளும் இதனை வலியுறுத்த வேண்டும்.

கொழும்பின் மரக்கறிச் சந்தைக்கு பண்டாரவளையிலும் வெலிமடையிலுமிருந்து கோவாவும் லீக்சும் போஞ்சியும் நாள்தோறும் செல்கின்றன. அவற்றை விளைவித்து அனுப்பும் மண்ணின் மக்கள் அதே நகரில் பசித்திருப்பது எவருக்கும் பெருமை தராது. அந்நிலை மாறும் வரை, பயணப் பையில் மருந்துச் சீட்டுக்கு அடுத்த இடத்தை உணவுக்கு ஒதுக்குமாறு எமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.