கேட்காமல் வந்த உதவி

2009-ஆம் ஆண்டுவாக்கில் தமிழ் விக்கிப்பீடியாவில் நீளநீளமான கட்டுரைகள் வந்து குவியத் தொடங்கின. ஹாலிவுட் நடிகர்கள், அமெரிக்கப் பாடகர்கள், மேல்நாட்டு நிறுவனங்கள் என்று எதை எதையோ பற்றி. எழுதியவர்கள் எல்லாம் அதுவரை ஆலமரத்தடியில் தலைகாட்டாத புதுப் பயனர்கள். (விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கத்துக்குத் தமிழில் ஆலமரத்தடி என்றுதான் பெயர். யார் வைத்தார்களோ, கை கொடுக்க வேண்டும்.) அவர்களிடம் கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூலி கொடுத்து, தன்னுடைய மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், வங்காளம் முதலான மொழிகளில் ஏற்றிக்கொண்டிருந்தது. இந்திய மொழிகளில் இணையத்தில் படிக்க ஒன்றுமில்லை என்ற குறையைப் போக்குகிற திட்டம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது.

ஆனால் தமிழ் விக்கிப்பீடியா அப்படி வளர்ந்ததில்லை. 2003-இல் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்காரரான மயூரநாதனைப் போன்றவர்கள் வேலை முடிந்த நேரத்தில் ஒவ்வொரு கட்டுரையாக எழுதிச் சேர்த்தது அது. ஒரு கட்டுரை இருக்கிறது என்றால் அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் எங்கோ இருக்கிறார் என்று பொருள். கூலிக்கு வந்த கட்டுரைகளுக்கு அந்த ஆள் இல்லை. எழுத்துப்பிழை, எங்கும் போய்ச் சேராத சிவப்பு இணைப்பு, தமிழ்ச் சொற்களே ஆனாலும் தமிழாகாத வாக்கியம். இத்தனையையும் துப்புரவு செய்யும் வேலை, விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது.

வங்காள விக்கிப்பீடியர்கள் இந்த வரவே வேண்டாம் என்று நீக்கிவிட்டார்கள். தமிழர்கள் கூகுளோடு உட்கார்ந்து பேசினார்கள். எங்களுக்கு வேண்டிய தலைப்புகள் இவை, பழையதைத் திருத்திவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்று கேட்டார்கள். 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இந்த அனுபவத்தைக் கட்டுரையாகவும் வாசித்தார்கள். நீக்குவதைவிட இது நல்ல வழி என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைக்குச் செலவான மாலை நேரங்களுக்கு யாரும் கூலி தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதவி ஒன்று சில ஆண்டுகள் கழித்து வந்தது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பும் நூல்களைச் சேர்த்துவைக்கும் தளமுமான விக்கிமூலத்துக்குத் திறந்துவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனால்தான் நூல் பொதுச்சொத்தாகும். ரா. பி. சேதுப்பிள்ளை மறைந்தது 1961-இல். நாட்டுடைமை ஆகாமல் இருந்திருந்தால் அவர் எழுத்தைத் தொட 2022 பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை கொடுத்துவிடுவதால் அந்தக் காத்திருப்பு இல்லை. கல்விக்கழகத்தார் எதையும் எழுதித் தரவில்லை, எழுத ஆளும் வைக்கவில்லை. மூலப்பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு தன்னார்வலர் எழுதிய நிரல், படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் கூகுளின் எழுத்துணரி வழியாகப் பக்கம் பக்கமாக உரையை எடுத்துப் போட்டது. ஆம், அதே கூகுள்தான். இந்த முறை அது வெறும் கருவி. என்ன செய்வது என்று முடிவெடுத்தவர்கள் விக்கிப்பீடியர்கள்.

எழுத்துணரி பிழையில்லாமல் படிக்காது. ‘பாடல்’ என்பதைப் ‘பரடல்’ என்று படிக்கும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் பழைய வடிவ லை, னை வரும் இடமெல்லாம் தடுமாறும். திரையில் ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபக்கம் இந்த உரை. இரண்டையும் ஒப்பிட்டு ஒருவர் திருத்தினால் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒருவரே இரண்டையும் செய்ய மென்பொருள் விடாது. உரைநடைப் பக்கம் பத்து நிமிடத்தில் முடியும். அடிக்குறிப்பும் செய்யுளும் கலந்த பக்கம் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். நூலுக்கு 150 பக்கம் என்று வைத்தாலும் மூன்று லட்சம் பக்கங்கள். பெரும்பகுதி இன்னும் சிவப்பில்தான் கிடக்கிறது.

உதவ விரும்பும் நிறுவனங்கள் இங்கேதான் வர வேண்டும். கட்டுரைப் போட்டி நடத்தி, மடிக்கணினி பரிசளித்து, புகைப்படம் எடுத்துக்கொள்வது எளிது. மதிப்பெண் தருகிறோம் என்று கல்லூரி மாணவர்களைக் கூட்டி எழுதச் சொன்னால், எங்கிருந்தாவது வெட்டி ஒட்டிவிட்டுப் போவார்கள். அதை நீக்கவும் அதே நாலு பேர்தான் வர வேண்டும். அந்த மாணவர்களிடமே ஆளுக்குப் பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தால் வெட்டி ஒட்ட ஒன்றும் இருக்காது, அதற்குள் தமிழில் பத்துப் பக்கம் படித்தும் இருப்பார்கள். பதிப்பகங்களிடம் ஒரு வேண்டுகோள்: விற்பனை நின்றுபோன பழைய நூல்களின் உரிமை கையில் இருந்தால், கட்டற்ற உரிமத்தில் விடுவிக்க ஒரு கடிதம் போதும். எந்த நூல் முதலில் வேண்டும் என்று ஆலமரத்தடியில் கேட்டால் பட்டியலே கொடுப்பார்கள்.

(தொடரும்)