‘அரட்டை’க்கு ஊரே வந்தாலும் ஃபேமிலி குரூப் வரணுமே! - மத்தளம்பாறையிலிருந்து ஸ்ரீதர் வேம்பு சொல்லும் வழி

நெல்லைப் பக்கம் ஒரு வீட்டில் காதுகுத்து என்றால், பத்திரிகை முதலில் போய்ச் சேருமிடம் வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்தான். கோயில் கொடை தேதி, நாளைய கரன்ட் கட், மும்பையில் இருக்கும் மாமா அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூ எல்லாம் அங்கேதான். 2025 செப்டம்பர் கடைசியில் அந்த குரூப்களிலேயே ஒரு லிங்க் சுற்ற ஆரம்பித்தது. ‘நம்ம ஊர்க்காரர் ஆப், பேரே அரட்டைதான், எல்லாரும் வாங்க’ என்று.

பலரும் போனார்கள். டவுன்லோடு செய்து, ஓ.டி.பி போட்டு உள்ளே நுழைந்து பார்த்தால் தெரிந்தவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் வாட்ஸ்அப்பிலும் இருந்தார்கள். “உள்ளே வந்துட்டேன்” என்பதைச் சொல்லவே வாட்ஸ்அப்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது!

இந்தச் சிக்கலை அந்த ஆப்பின் பின்னால் இருப்பவரே பேசியிருக்கிறார் என்பதுதான் சுவாரஸ்யம்.

மலையடிவாரத்து மனிதர்

ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவுக்கு அறிமுகம் தேவையில்லை. சென்னை ஐ.ஐ.டி, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம், குவால்காமில் வேலை, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி, 2021-ல் பத்மஸ்ரீ. இத்தனைக்கும் பிறகு அவர் குடிவந்த இடம், குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தளம்பாறை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை இந்த ஊரும் திருநெல்வேலி மாவட்டம்தான். குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. ஆக, ஆற்றுக் கணக்குப்படி இப்போதும் நெல்லைக்காரர்தான் என்று உரிமை கொண்டாடலாம்.

2025 ஜனவரியில் சி.இ.ஓ பொறுப்பை விட்டுவிட்டுத் தலைமை விஞ்ஞானியானார். சைக்கிள், வேட்டி, வயல்வெளி போட்டோக்களோடு எக்ஸ் தளத்தில் அவர் எழுதும் கருத்துகளுக்கு ரசிகர்களும் உண்டு, சண்டைக்கு வருபவர்களும் உண்டு.

அரட்டை ஆப் வெளிவந்தது 2021 ஜனவரியில். வாட்ஸ்அப் தன் பிரைவசி விதிகளை மாற்றப்போகிறது என்று நாடே பதறிய மாதம் அது. (அந்த விதி மாற்றத்துக்காக மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது, விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது.) இதே 2021 ஜனவரியில்தான், ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ‘ஹைக்’ என்ற இந்திய மெசஞ்சர் கடையை மூடியது. அப்படி ஒரு நேரத்தில் கடை திறந்தது அரட்டை. ஆள் வருமா என்ற சந்தேகம் தன் ஊழியர்களுக்கே இருந்ததாக வேம்புவே பின்னாளில் எழுதினார்.

நாலே முக்கால் வருஷம் பெரிய சத்தமில்லை. பிறகு அமெரிக்கா வரியை ஏற்ற, இங்கே சுதேசிப் பேச்சு எழ, மத்திய கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் அரட்டைக்கு மாறச் சொல்லிப் பதிவு போட்டார். ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் அது 3,50,000 ஆனது என்றார் வேம்பு. நூறு மடங்குக்கும் மேல்! நவம்பரில் பெரிதாக வெளியிடத் திட்டமிட்டிருந்தவர்கள் அவசர அவசரமாக சர்வர்களைக் கூட்டினார்கள். வடக்கே உள்ளவர்கள் ‘இந்தப் பேரை எப்படிச் சொல்வது, மாற்றக்கூடாதா?’ என்று கேட்டார்கள். தமிழர்கள் விடுவார்களா!

சில வாரங்களில் அலை தணிந்தது. டவுன்லோடு பட்டியல்களில் முதலிடத்திலிருந்த அரட்டை கீழே இறங்கியது.

கப்பலும் மெசேஜும்

சுதேசி என்றதும் இந்தப் பக்கத்தில் வ.உ.சி நினைவு வராமல் இருக்காது. 1906-ல் தூத்துக்குடியில் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் இலவசமாகக்கூட ஏற்றிப் பார்த்தது. அந்த மாதிரிப் போட்டியை இப்போதும் பார்க்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம். எந்தக் கப்பலில் ஏறுவது என்பதைப் பயணி தனியாக முடிவு செய்யலாம். கொழும்பில் காத்திருக்கும் அண்ணனும் அதே கம்பெனி டிக்கெட் வைத்திருக்க வேண்டியதில்லை. மெசேஜ் விஷயத்தில் அனுப்புபவர், வாங்குபவர் இருவருமே ஒரே கப்பலில் ஏறியாக வேண்டும். ஆப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சித்தி வரவில்லை என்றால் பிரயோஜனமில்லை. இந்தியாவில் 50 கோடிக்கு மேற்பட்டோர் வைத்திருக்கும் வாட்ஸ்அப்பின் பலமே இதுதான்.

இதற்கு வேம்பு முன்வைத்த யோசனை எளிமையானது. மெசேஜ் ஆப்களும் யு.பி.ஐ போல, இ-மெயில் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்கிறார் அவர். இதற்கான பொது விதிமுறைகளை உருவாக்க, ஐஸ்பிரிட் அமைப்பின் ஷரத் சர்மாவோடு பேசிவருவதாகவும், தாங்கள் ஏகபோகமாக ஆக விரும்பவில்லை என்றும் எழுதினார்.

யோசித்துப் பார்த்தால், நாம் தினமும் இப்படித்தான் வாழ்கிறோம். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போகிறது; அதற்கான பொது விதி 1982-லேயே எழுதப்பட்டது. ஏர்டெல் சிம்மிலிருந்து ஜியோவுக்குப் பேசுகிறோம். பாளை மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு போன்பே கியூஆரில் கூகுள்பே-யிலிருந்து பணம் போடுகிறோம், 2016-ல் யு.பி.ஐ வந்தபோதே எந்த வங்கியாக, எந்த ஆப்பாக இருந்தாலும் பணம் போகும் என்று அதை வடிவமைத்ததால்தான் இது முடிகிறது. மெசேஜ் மட்டும் அந்தந்த ஆப்பின் மதிலுக்குள்ளேயே நிற்கிறது.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ், மற்ற மெசேஜ் சேவைகள் கேட்டால் வாட்ஸ்அப் கதவைத் திறக்க வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டம் இல்லாமல், 50 கோடிப் பேரை வைத்திருப்பவர் எதற்காகக் கதவைத் திறப்பார்? அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். பொதுச் சந்தை வேண்டும் என்று கேட்பது எப்போதும் சின்னக் கடைக்காரர்தான். நாளைக்கே 50 கோடிப் பேர் அரட்டையில் உட்கார்ந்துவிட்டால், ஸோஹோ இதே குரலில் பேசுமா? வேம்பு எழுதிவைத்திருக்கிறார், அன்றைக்கு எடுத்துக் காட்டலாம்.

பூட்டு விஷயம்

கூட்டம் வந்தபோது அரட்டைக்கு விழுந்த பெரிய அடி வேறு இடத்தில். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் ஒட்டிய கவர் மாதிரி போகிறது. அதைத் திறக்கும் சாவி அனுப்புபவர், பெறுபவர் போன்களில் மட்டும் இருக்கும், நடுவில் இருக்கும் கம்பெனியால் படிக்க முடியாது. 2025 செப்டம்பரில் அரட்டையில் ஆடியோ, வீடியோ கால்களுக்கு அந்தப் பூட்டு இருந்தது. சாதாரண எழுத்து மெசேஜ்களுக்கு இல்லை. டேட்டா இந்தியாவில் எங்கள் சொந்த சர்வர்களில்தான் இருக்கிறது, அதைத் தொட மாட்டோம் என்பது நிறுவனத்தின் பதில். போஸ்ட்கார்டை தபால்காரர் படிக்க மாட்டார் என்று நம்பச் சொல்வது மாதிரிதான் இது. நல்ல தபால்காரராகவே இருக்கட்டும், மகளின் மருத்துவ ரிப்போர்ட்டை போஸ்ட்கார்டில் எழுதுவோமா? விமர்சனம் நியாயமானது. அதற்குப் பலனும் கிடைத்தது. நவம்பரில் எழுத்து மெசேஜ்களுக்கும் பூட்டுப் போடும் வேலையைத் தொடங்கினார்கள்.

எல்லா ஆப்களும் பேசிக்கொள்ள வேண்டும் என்ற கனவுக்கு இதே பூட்டுதான் பெரிய தடையும்கூட. ஆளுக்கொரு பூட்டு வைத்திருப்பவர்கள் ஒரே சாவி முறைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேம் வந்தால் யார் பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டும். இ-மெயில் திறந்த வீடாக இருப்பதால்தான் அங்கே லாட்டரிப் பரிசுக் கடிதங்கள் குவிகின்றன என்பதை மறக்க முடியாது. யு.பி.ஐ-க்கு ரிசர்வ் வங்கியும் என்.பி.சி.ஐ-யும் நடுவில் நின்றன. மெசேஜுக்கு நடுவில் நிற்க அப்படி ஒருவர் இங்கே இன்னும் வரவில்லை.

அதுவரை பழைய வீட்டை விட்டுப் போவது கஷ்டம்தான். ஆள்களை விடுங்கள், பழைய சாமான்கள் இருக்கின்றனவே. இறந்துபோன ஆச்சி, “ஏல, சாப்பிட்டியா?” என்று கேட்டு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் பல குடும்பங்களில் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறது. போன் தொலைந்து, பேக்கப்பும் இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.

எந்த ஆப்பில் இருந்தாலும் இதை மட்டும் இப்போதே செய்யலாம். அந்த சாட்டைத் திறந்து, மெனுவில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியாவோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பல வருஷத்து நீளமான குரூப் என்றால் எல்லாமே வந்துவிடாது. அதனால் ஆச்சியின் குரலைத் தனியாக எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள்.